மலச்சிக்கலைப் பேணி வளர்ப்பது எப்படி? அறுபது தாண்டியவர்களுக்கு மட்டும்

சோற்றிலிருந்து ஆரம்பியுங்கள். பட்டை தீட்டிய வெள்ளையரிசியாகப் பார்த்து வாங்கி, குழைய வடித்து, தயிர் விட்டுப் பிசையச் சொல்லுங்கள். பல்செட்டுக்கும் வேலையில்லை, குடலுக்கும் வேலையில்லை. 100 கிராம் சோற்றில் நார்ச்சத்து 1 கிராம் தேறினாலே அதிகம். பெரியவர்களுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 25 கிராமாவது வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் சொல்லியிருக்கிறது. சொல்லட்டும். அவரைக்காய் வாயு, கீரைத்தண்டு கடிக்க முடியாது, கொய்யாவில் கொட்டை, சுண்டல் கோயிலோடு சரி. மிச்சமிருப்பது மேரி பிஸ்கட்தான். அதை டீயில் நனைத்துச் சாப்பிடலாம்.

நாரைத் தின்று பியூட்டிரேட் என்ற அமிலத்தை உண்டாக்கும் பாக்டீரியாக்கள் பெருங்குடலில் குடியிருக்கின்றன. குடலின் உட்சுவர் செல்களுக்கு அந்த அமிலம்தான் முக்கிய ஆகாரம். பட்டினி போடுங்கள். இத்தனை வருஷத்தில் ஒரு பைசா வாடகை தந்திருக்குமா அவை?

தண்ணீர் விஷயத்தில் வயதே உங்கள் பக்கம். தாக உணர்வு தானாகவே மழுங்கிவிடும். அதுவும் போதாதென்றால், ராத்திரி எழுந்து பாத்ரூம் போகணுமே என்று மத்தியானத்திலிருந்தே சொம்பைத் தள்ளி வையுங்கள். உள்ளே தங்கிய மலத்திலிருந்து குடல் நீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். கெட்டிப்படுத்தும் பொறுப்பை அது பார்த்துக்கொள்ளும்.

அடுத்தது நேரம். காலைப் பலகாரம் வயிற்றில் விழுந்ததும் பெருங்குடல் அசைந்து கொடுக்கும். உடம்பே அனுப்பும் அழைப்பு அது. அந்த நேரம் பார்த்துப் பேரன் உள்ளே இருப்பான், ஸ்கூல் வேன் வெளியே ஹாரன் அடிக்கும். "நீ குளிச்சிட்டு வாடா கண்ணா, தாத்தாவுக்கு என்ன அவசரம்" என்று பேப்பரை விரித்துவிடுங்கள். அவன் கிளம்பிய பிறகு நீங்கள் போவீர்கள், அது வராது.

மாத்திரை டப்பாவும் கைகொடுக்கும். இரும்புச்சத்து, கால்சியம், சில பிரஷர் மாத்திரைகள், டிரமடால் மாதிரி வலி மாத்திரை, எல்லாமே மலத்தைக் கட்டக்கூடியவை. எது கட்டுகிறது என்று யாரையும் கேட்காமல், கட்டியதற்குத் தனியாக ஒரு மாத்திரை வாங்குங்கள்.

நாலு நாள் போகவில்லையா? இப்போது வைத்தியம். இசப்கோலில் மூன்று ஸ்பூன், ஒரே ஒரு மிடறு தண்ணீர். நீரில் ஊறி உப்புவதுதான் அதன் வேலை. தண்ணீரில்லாவிட்டால் தொண்டையிலேயே அடைத்துக்கொள்ளவும் கூடும். மறுநாளே கால் கிலோ பீன்ஸைப் பொரியல் செய்து ஒரே வேளையில் தின்று, வயிறு உப்பியதும் "நார் நமக்கு ஒத்துக்கலை" என்று தீர்ப்பு எழுதிவிடுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டியிருந்தால் ஒத்துக்கொண்டிருக்கும். அந்த ஆபத்தை நாம் தவிர்த்தாயிற்று. பிறகு நிலவாகை சூரணம். உலகச் சந்தையில் 'தின்னவேலி சென்னா' என்று நம் சீமைப் பெயரிலேயே விற்ற இலை. ஊர்ப்பாசத்துக்காகவாவது டாக்டரிடம் கேட்காமல் தினமும் சாப்பிட வேண்டாமா?

மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ, காரணமில்லாமல் எடை இறங்கினாலோ, "சூடு" என்று சொல்லி இளநீர் குடியுங்கள். பெருங்குடல் புற்றுநோயும் இப்படித்தான் தலைகாட்டும் என்பது டாக்டர்களின் கவலை.

அந்த டாக்டரிடம் எப்படியும் ஒருநாள் உங்களைக் கூட்டிக்கொண்டு போவார்கள். "மோஷன் எப்படிப் போகுது?" என்பார். மருமகள் பக்கத்திலேயே ஃபைலைப் பிடித்தபடி நிற்பாள். "நார்மல்தான் சார்" என்று சொல்லிவிட்டு, வேட்டியைச் சற்றுத் தூக்கி முழங்கால் வலியை விவரிக்க ஆரம்பியுங்கள்.