ஆறு சிலிண்டர் பாரவண்டி

இரவல் வாங்கிய ஏணியைத் திருப்பிக் கொடுக்கப் போனவன் நான். வட கரோலினாவில் கேரி என்கிற ஊர். எங்கள் தெருவில் சனிக்கிழமை காலை எந்த வீட்டு கராஜ் திறந்திருந்தாலும் உள்ளே தமிழில் ஒரு சண்டை ஓடிக்கொண்டிருக்கும். அன்றைக்குத் திறந்திருந்தது மூன்றாம் வீடு. உள்ளே ஹோண்டா கோல்ட்விங் ஒன்று. அதன் பின்னால், சவப்பெட்டியைவிடச் சற்றே குட்டையாக, புது ட்ரெய்லர். வீட்டுக்காரருக்கு வயது 62, போன மாதம்தான் வேலையிலிருந்து ஓய்வு. எதிரே இடுப்பில் கை வைத்து நின்றவர் அவர் மனைவியின் தம்பி. ஹார்லி வைத்திருக்கிறார். அதைவிட எடை கூடின கொள்கைகளும் வைத்திருக்கிறார். எனக்கு ஒரு டம்ளர் டீயும், உட்காரக் கவிழ்த்துப் போட்ட பெயின்ட் வாளியும் கிடைத்தன. அபிப்பிராயம் யாரும் கேட்கவில்லை.

மாப்பிள்ளை: அத்தான், இது என்னது?

அத்தான்: கண்ணு தெரியலையா? ட்ரெய்லர்.

மாப்பிள்ளை: அது தெரியுது. பைக்குக்குப் பின்னாடி எதுக்கு நிக்குதுன்னு கேக்கேன்.

அத்தான்: முன்னாடி கட்டினா தள்ளிக்கிட்டுல்லா போகணும்.

மாப்பிள்ளை: விளையாடாதீங்க. வீட்டை விட்டுட்டுப் போறதுக்குத்தான் பைக். நீங்க வீட்டையே கட்டி இழுத்துக்கிட்டுப் போறேங்கிறீங்க. பைக்ல ரெண்டு, இதுல ரெண்டு, ஆக நாலு சக்கரம். மேல ஒரு கூரை போட்டா கார். அதுதான் வாசல்லயே நிக்குதே, ஏசியோட.

அத்தான்: கார் சாயுமா மாப்ளே? வளைவுல ஒரு சாய்ப்பு சாய்ச்சு எடுக்கோம்லா, அந்த சுகத்துக்குத்தான 1833 சிசி வாங்கினேன்.

மாப்பிள்ளை: இந்தப் பெட்டியும் கூடச் சாயுமோ?

அத்தான்: சாயாது. கொக்கி இருக்குல்லா, அது சுழலும். பைக் எந்தப் பக்கம் படுத்தாலும் பெட்டி பாட்டுக்கு நிமிந்து வரும். நான் வண்டியோட கீழ விழுந்தாலும் இது நின்னு வேடிக்கை பார்க்கும்.

மாப்பிள்ளை: நல்ல சொந்தக்காரன் மாதிரி.

அத்தான்: உன்னை யாரு சொன்னா?

(இந்த இடத்தில் பெட்டியின் மூடி திறக்கப்பட்டது. எட்டிப் பார்த்தேன். மடக்கு நாற்காலி இரண்டு, மழைக்கோட்டு, டயருக்குக் காற்றடிக்கும் குட்டிப் பம்பு, மாத்திரை டப்பா, அரிசி குக்கர், பொன்னி அரிசி ஒரு பை. சான் ஹோசேயில் இருக்கும் மகளுக்கு இரண்டு பாட்டில் நார்த்தங்காய் ஊறுகாய், பாட்டில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பழைய ஸ்வெட்டர். இவற்றுக்கு நடுவே, ஊறுகாயைவிட மரியாதையாக, தனி உறையில் ஒரு மூச்சு இயந்திரம்.)

மாப்பிள்ளை: குக்கர்! அக்கா சொன்னாளா?

அத்தான்: அவளுக்கு ரொட்டி போதும். குக்கர் எனக்கு. ஆனா நான் பெட்டி வாங்கினது குக்கருக்காக இல்ல, இந்த மெஷினுக்காக. ராத்திரி தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு வருதுன்னு டாக்டர் கொடுத்தது. மூக்குல முகமூடி, அதுலேருந்து குழாய். இது இல்லாம ஒரு ராத்திரி படுத்தேன்னா மறுநாள் ஹேண்டில்பாரைப் பிடிச்சுக்கிட்டே தூங்குவேன். இப்ப சொல்லு, பெட்டி ஆபத்தா, பெட்டி இல்லாமப் போறது ஆபத்தா?

மாப்பிள்ளை: அதை பைக் பெட்டியிலயே வைக்கலாமே.

அத்தான்: எங்க வைக்க? பழைய கோல்ட்விங்ல மூணு பெட்டியும் சேர்ந்து 150 லிட்டர் கொள்ளும். 2018-ல புது மாடல்னு சொல்லி 110-ஆச் சுருக்கிட்டான். கூப்பாடு கேட்டோ என்னவோ, 2021-ல மேல்பெட்டியை மட்டும் பெருசாக்கி 121. என்னுது 2019. ரெண்டு ஹெல்மெட் வச்சா மேல்பெட்டி சரி. மீதி பக்கப்பெட்டி ரெண்டு. அதுல ஒண்ணு உங்க அக்காவுக்கு, ஒண்ணும் உங்க அக்காவுக்கு.

மாப்பிள்ளை: எனக்கு என்ன வேணும் சொல்லுங்க பாப்போம். ஒரு டூத்பிரஷ், ஒரு கிரெடிட் கார்டு. 24 மணி நேரத்துல 1,000 மைல் ஓட்டி அயர்ன் பட் சங்கத்துல சர்டிபிகேட் வாங்கினவன் நான். அன்னிக்குக் கையில ஒரு துண்டுகூடக் கிடையாது.

அத்தான்: சங்கத்துப் பேரே இரும்புப் பிட்டம். சர்டிபிகேட் அவன் கொடுத்தான். ஐஸ் ஒத்தடம் நான் கொடுத்தேன். மூணு நாள் இந்த வீட்டு சோபாவுல குப்புறக் கிடந்த.

மாப்பிள்ளை: அது பழைய கதை. அத்தான், நான் கேலிக்குச் சொல்லல, கேளுங்க. கம்பெனிக்காரனே கையேட்டுல எழுதியிருக்கான், இந்த வண்டியில ட்ரெய்லர் இழுக்காதேன்னு.

அத்தான்: ஹார்லி கையேட்டுலயும் அதேதான் போட்டிருக்கு. அது வக்கீல் எழுதினது.

மாப்பிள்ளை: வக்கீல் சொன்னதுக்காக நிஜம் பொய்யாயிடுமா? பைக் ரோட்டுல போறது ஒத்தைக் கோடு. குழி வந்தா லேசா விலகிருவீங்க. பெட்டி ரெண்டு பக்கமும் ரெண்டு கோடு போடும். நீங்க தப்பிச்ச குழியில இது விழும். இதோட சக்கரத்தைப் பாருங்க, தோசைக்கல் அளவு. பெரிய சக்கரம் ஒரு சுத்து சுத்துறதுக்குள்ள இது ரெண்டு சுத்து. உள்ள கிரீஸ் காஞ்சுதுன்னா பேரிங் போச்சு. அதுவும் எங்க போகும்? கன்சாஸ் நடுவுல, ஞாயித்துக்கிழமை.

அத்தான்: கிரீஸ் டப்பா வச்சிருக்கேன்.

மாப்பிள்ளை: அதையும் உள்ளயா! இந்தப் பெட்டிக்கு பிரேக் உண்டா?

அத்தான்: இல்ல.

மாப்பிள்ளை: 300 பவுண்டு. நீங்க பிரேக் பிடிப்பீங்க, அது பிடிக்காது. ஏற்கெனவே ஓடின வேகத்துல வந்து பின்னாடி தள்ளும். நேர் ரோட்டுல தள்ளினா நிக்கிற தூரம் கூடும், அவ்வளவுதான். வளைவுல, சாய்ஞ்சிருக்கிறப்போ தள்ளுச்சுன்னா?

அத்தான்: வளைவுக்கு முன்னாடியே வேகத்தைக் குறைக்கணும். அது பெட்டி இல்லாதவனுக்கும் பாடந்தான்.

மாப்பிள்ளை: ட்ராகனுக்குப் போவீங்களா இதோட? யுஎஸ் 129, 11 மைல்ல 318 வளைவு. பைக் போன தடத்துல பெட்டி வராது அத்தான், உள்பக்கமா வெட்டிக்கிட்டு வரும். ஒவ்வொரு இடது வளைவுக்கும் உங்க ஊறுகாய் மஞ்சக்கோட்டைத் தாண்டி எதிர்ல வர்றவனுக்குச் சலாம் போடும்.

அத்தான்: அங்க நான் எதுக்குப் போறேன்? விழுந்தவன் வண்டியில உடைஞ்சதையெல்லாம் கொண்டாந்து ஒரு மரத்துல தொங்க விட்டிருக்கான், வெட்க மரம்னு பேர் வச்சு. அதுல ஒரு இண்டிகேட்டர் உன்னுதுன்னு உங்க அக்கா சொன்னா.

மாப்பிள்ளை: அது… நின்ன இடத்துல விழுந்தது.

அத்தான்: எனக்கு ப்ளூ ரிட்ஜ் பார்க்வே போதும். 469 மைல், 45-க்கு மேல ஓட்டக்கூடாது, லாரி வராது. பெட்டிக்காகவே போட்ட ரோடு.

மாப்பிள்ளை: மகள் வீட்டுக்கு அந்த வழியாவா போகப் போறீங்க? கலிபோர்னியாவுல எதையாவது இழுத்துக்கிட்டுப் போனா 55 மைல்தான் சட்டம். மத்தவன் 70-ல போவான். நீங்க வலது ஓரமா, பால்வண்டி மாதிரி.

அத்தான்: ஊர்ல பால்காரன் 50 சிசி டிவிஎஸ்ல ஆறு கேன் கட்டிக்கிட்டுப் போனான். சுதந்திரம் கெட்டுப்போச்சுன்னு அவன்கிட்ட எவனும் சொல்லல. நான் 1833 சிசியில குக்கர் வச்சா மட்டும் தத்துவம் பேசுறீங்க.

(என்னைக் கேட்டிருந்தால், தம்பி பக்கம்தான் நியாயம் அதிகம் என்று சொல்லியிருப்பேன். சக்கரம், பிரேக், வளைவு மூன்றிலும் அவர் சொன்னதில் தப்பே இல்லை. ஆனால் சரியாகப் பேசுகிறவர் சும்மா இருக்கக் கற்றுக்கொள்வதில்லை. அடுத்ததாக அவர் சொன்னதுதான் வினையானது.)

மாப்பிள்ளை: என்னதான் சொன்னாலும் அத்தான், பைக்கும் ட்ரெய்லரும் ஒரே இடத்துல இருக்கிறதே அசிங்கம்.

அத்தான்: அப்படியா. ஸ்டர்ஜிஸ் போனியே, எப்படிப் போன?

மாப்பிள்ளை: அது வேற.

அத்தான்: 1938-லேருந்து நடக்கிற திருவிழா, பைக் வச்சிருக்கிறவன் ஆயுசுல ஒருதரமாவது போகணும்னு சொல்லி லீவு போட்ட. 1,700 மைல். எப்படிப் போன?

மாப்பிள்ளை: பிக்கப்புல.

அத்தான்: பைக்?

மாப்பிள்ளை: பின்னாடி.

அத்தான்: பின்னாடின்னா எதுல?

மாப்பிள்ளை: …ட்ரெய்லர்ல.

அத்தான்: ராபிட் சிட்டியில இறக்கி, துணியால துடைச்சு, மிச்சமிருந்த 30 மைலை ஓட்டிக்கிட்டு ஊருக்குள்ள போன. போட்டோவுல முகத்துல தூசி வேற.

மாப்பிள்ளை: புது டயர் அத்தான். நேர் ரோட்டுல அவ்வளவு தூரம் ஓட்டினா நடுவுல தட்டையாத் தேஞ்சுரும்.

அத்தான்: என் பைக் ட்ரெய்லரை இழுக்குது. உன் பைக்கை ட்ரெய்லர் இழுக்குது. இதுல யாருக்குக் கூரை போடணும்னு நீயே சொல்லு.

(டீ ஆறிவிட்டது. கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை. மாப்பிள்ளை குனிந்து கொக்கியை ஆராய்ந்தார். தோற்றவர்கள் எல்லோரும் ஏதாவது ஒரு நட்டைத் திருகிப் பார்ப்பார்கள்.)

மாப்பிள்ளை: வாங்கினதுதான் வாங்கினீங்க, ஒத்தைச் சக்கரப் பெட்டி வாங்கியிருக்கலாம். பைக்கோட சேர்ந்தே சாயும், மூணு கோடும் ஒரே கோடாயிரும்.

அத்தான்: அதுல குக்கர் கவுந்துரும்.

மாப்பிள்ளை: கவுறாது. சரியாச் சாய்ச்சு ஓட்டினா டம்ளர்ல தண்ணிகூட ஒரு பக்கம் ஒதுங்காது. இந்தப் பெட்டியில எல்லாத்தையும் ஏத்திட்டீங்களா? ஓட்டிப் பாத்தீங்களா?

அத்தான்: போன ஞாயித்துக்கிழமை. இந்தியன் ஸ்டோர் வரைக்கும். போறப்போ ஒண்ணுமில்ல. அங்க பார்க்கிங்ல மூக்கை விட்டுட்டேன். பைக்ல ரிவர்ஸ் இருக்குன்னு தைரியம். ரிவர்ஸ் போட்டா பெட்டி எனக்குப் பக்கவாட்டுல வந்து நின்னு என்னையே பாக்குது. கடைசியில கொக்கியைக் கழட்டி, கையால திருப்பி, திரும்ப மாட்டி… கறிவேப்பிலை வாங்க வந்தவங்க அத்தனை பேரும் நின்னு பாத்தாங்க.

மாப்பிள்ளை: அதை விடுங்க. நேரா ஓடுறப்போ எப்படி?

அத்தான்: 60-க்கு மேல போனா பின்னாடி லேசா ஒரு ஆட்டம். நாய் வால் ஆட்டுற மாதிரி.

மாப்பிள்ளை: (பெட்டிக்குள் தலையை விட்டு) ஆடாம என்ன செய்யும்? அரிசியும் பம்பும் கடைசியில கிடக்கு! அச்சுக்குப் பின்னாடி அத்தனையும். அத்தான், இது பின்பாரம்.

அத்தான்: என்னது?

மாப்பிள்ளை: எங்க தாத்தா வண்டியில பருத்தி ஏத்தினவன் நான். கோவில்பட்டி கமிஷன் கடைக்கு. முன்பாரம் கூடினா மாட்டுக்குக் கழுத்துல புண்ணு. பின்பாரம் கூடினா நுகத்தடி மேல எழும்பி, பூட்டாங்கயிறு கழுத்தை இறுக்கும். தாத்தா நுகத்தடியில ஒரு கையை வச்சு அமுக்கிப் பார்ப்பார். அதுலயே சொல்லிருவார், ரெண்டு மூட்டையை முன்னாடி தள்ளுன்னு. இதுக்கும் அதே கணக்குத்தான். மொத்த எடையில பத்துல ஒரு பங்கு கொக்கியில உக்காரணும். மொத்தம் எவ்வளவு?

அத்தான்: காலியா 210. சாமான் 90.

மாப்பிள்ளை: அப்போ 30 பவுண்டு முன்பாரம் வேணும். எடை பாக்கிற மெஷின் இருக்கா?

(குளியலறையிலிருந்து எடை இயந்திரம் வந்தது. கொக்கி உயரத்துக்கு அதைத் தூக்கி வைக்க ஏதாவது வேண்டும் என்று இருவரும் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்கள். எழுந்து வாளியைக் கொடுத்தேன். வாளி, அதன்மேல் ஒரு பலகை, பலகைமேல் எடை இயந்திரம், அதன்மேல் பெட்டியின் மூக்கு. மாப்பிள்ளை தரையில் முட்டி போட்டு, கழுத்தைச் சாய்த்து முள்ளைப் படித்தார்.)

மாப்பிள்ளை: 12. அரிசியை முன்னாடி தள்ளுங்க. பம்பை எடுங்க, அதுவும் முன்னாடி. நாற்காலியைக் குறுக்க போடாதீங்க, நீளவாட்டுல. இப்ப… 19. குக்கர்?

அத்தான்: குக்கர் கைக்கு எட்டுற இடத்துல இருக்கணும் மாப்ளே.

மாப்பிள்ளை: முன்னாடி வச்சா எட்டும். 22. அதுக்கு மேல ஏற மாட்டேங்குதே. வெளிய, மூக்குக்கிட்ட ஒரு தட்டு இருக்கே, இது எதுக்கு?

அத்தான்: ஐஸ்பெட்டி வைக்க. இன்னும் வாங்கல.

மாப்பிள்ளை: அங்க ஒரு பத்து பவுண்டு உக்காந்தாப் போதும். கல்லு ஏதாவது… இருங்க.

(வாசலில் நின்ற ஹார்லியிலிருந்து தன் தோல்பையை அவிழ்த்து வந்து அந்தத் தட்டில் வைத்தார். டூத்பிரஷும் கிரெடிட் கார்டும் மட்டும் இருக்கிற பை "தொம்" என்று உட்கார்ந்தது.)

மாப்பிள்ளை: 31! மொத்தம் 310, அதுல பத்துல ஒண்ணு 31. அச்சாப் பொருந்திருச்சு. இப்ப ஓட்டுங்க, வால் ஆடுதா பாப்போம்.

அத்தான்: ஆடாது. எப்போ கிளம்புறோம்?

மாப்பிள்ளை: கிளம்புறோமா? நான் எங்க வரேன்னு சொன்னேன்? பையைக் கொடுங்க.

அத்தான்: அதை எடுக்காதே மாப்ளே. கணக்கு கெட்டுப்போகும்.