பார்த்த படம், பார்க்காத சிரிப்பு

கே: 'காதலிக்க நேரமில்லை'யை எத்தனை தடவைதான் பார்ப்பீர்கள்? அடுத்த காட்சி தெரியாதா?

ப: தெரிவதால்தான் பார்க்கிறேன்! நாகேஷ் பேய்க் கதை சொல்லும் இடத்தில் முதல் தடவை நம் கண் நாகேஷை விட்டு நகராது. அடுத்த தடவை, கேட்டுக்கொண்டிருக்கும் பாலையாவின் முகத்தை மட்டும் பாருங்கள். 1964-இல் வந்த பயம் இன்னும் தெளியவில்லை.

கே: 'மைக்கேல் மதன காமராஜன்' பார்த்து எனக்குச் சிரிப்பே வரவில்லை. கோளாறு என்னிடமா?

ப: இல்லவே இல்லை. நாலு கமல் இருக்கிற படத்துக்கு நாலு அபிப்பிராயம் இருக்கக் கூடாதா? கிரேஸி மோகன் வசனத்தில் ஒரு சிரிப்பு அடங்குவதற்குள் அடுத்தது வந்துவிடும். முதல் தடவை பாதிதான் காதில் விழும். சாம்பாரில் மீன் விழும் காட்சியை மட்டும் மறுபடி பாருங்கள்.

கே: இந்தி 'கோல்மால்' ஒசத்தியா, 'தில்லு முல்லு'வா? வீட்டில் தினம் சண்டை!

ப: மூலம் 1979, தமிழ் 1981. இரண்டிலும் முதலாளிக்கு மீசைதான் நன்னடத்தைச் சான்றிதழ். தேங்காய் சீனிவாசனுக்காக என் ஓட்டு 'தில்லு முல்லு'வுக்கு. உங்கள் ஓட்டு மாறலாம். இரண்டையும் வீட்டோடு உட்கார்ந்து பாருங்கள், சண்டை சிரிப்பாகிவிடும்.