பூக்காரம்மாவுக்கு ஆர்.சி. புத்தகம் வேண்டி ஒரு மனு

அனுப்புநர்:
பழைய ஆல்டோ ஒன்றின் உரிமையாளர்,
விருகம்பாக்கம், சென்னை.

பெறுநர்:
வாகன நிறுத்தத்துக்குப் பொறுப்பான உயர் அலுவலர் அவர்கள்,
(எந்தத் துறை என்று முடிவானதும் பூர்த்தி செய்துகொள்ளவும்.)

பொருள்: தியாகராய நகரில் கார் நிறுத்த இடம் அளித்துவருவதற்கு நன்றி தெரிவித்தல், பூ விற்கும் பெண்மணி ஒருவரைக் காராக அறிவிக்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: காரின் முன்கண்ணாடி வழியாக, ஞாயிறு மாலை.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

பெறுநர் முகவரியைக் காலியாக விட்டதற்கு மன்னிக்கவும். அலட்சியத்தால் விடவில்லை, தீர விசாரித்த பிறகுதான் விட்டேன். சாலையோரம் கோடு போட்டுக் காசு வாங்குவது மாநகராட்சி. கோட்டுக்கு வெளியே நின்றால் அபராதம் போடுவது போக்குவரத்துக் காவல். கட்டடத்துக்குள் வண்டி நிற்க இடம் விட்டிருக்கிறார்களா என்று வரைபடத்தில் பார்ப்பது சி.எம்.டி.ஏ. காருக்கு எண் கொடுத்துத் தெருவில் இறக்கிவிடுவது ஆர்.டி.ஓ. அலுவலகம். இவர்கள் எல்லோரையும் ஒரே மேசையில் உட்கார வைப்பதற்காக 2010இல் சட்டம் போட்டு ஒரு போக்குவரத்துக் குழுமத்தையும் உண்டாக்கினார்கள். அதன் முதல் கூட்டம் 2022இல் நடந்தது. பன்னிரண்டு ஆண்டுத் தாமதத்தை நான் குறையாகச் சொல்லவில்லை. அவர்களும் வண்டியை எங்காவது போட்டுவிட்டுத்தானே வரவேண்டும்?

விஷயத்துக்கு வருகிறேன். சென்ற ஞாயிறு என் மனைவிக்கு ஒரு மேட்சிங் ப்ளவுஸ் துணி வாங்க வேண்டியிருந்தது. எண்பது சென்டிமீட்டர் துணி, விலை நூற்றைம்பது ரூபாய். அவளை உஸ்மான் சாலையில் இறக்கிவிட்டு, "இதோ, வண்டியைப் போட்டுட்டு வந்துடறேன்" என்றேன். இந்த ஒரு வாக்கியத்தை நம்பித் தி.நகரில் எத்தனை மனைவிமார் எத்தனை கடை வாசலில் கால் வலிக்க நின்றிருப்பார்கள் என்பதற்குக் கணக்கே கிடையாது.

பனகல் பூங்காவை மூன்று சுற்று சுற்றினேன். கோயிலிலேயே ஒரு சுற்றோடு நிறுத்திக்கொள்கிற ஆள் நான். மெட்ரோ வேலைக்காக வைத்த தடுப்புகளை ஒட்டி எனக்கு முன்னால் ஒரு கார், பின்னால் ஒரு கார். மூவருக்கும் போகவேண்டிய இடம் எதுவும் இல்லை, நிற்க வேண்டிய இடம்தான் வேண்டும். கையில் சாவியோடு ஒருவர் நடைபாதையில் தென்பட்டார். அவ்வளவுதான். கல்யாணப் பந்தியில் பாயசம் குடித்துக்கொண்டிருப்பவரின் நாற்காலியைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டு நிற்பார்களே, அதுபோல மூன்று கார்களும் அவரை ஒட்டிக்கொண்டே ஊர்ந்தன. அவர் தன் காரைத் திறந்தார். உள்ளேயிருந்து ஒரு கட்டைப் பையை எடுத்தார். மூடிவிட்டு மறுபடியும் கடைக்கே போய்விட்டார். துரோகி.

கலிபோர்னியாவில் டொனால்ட் ஷூப் என்று ஒரு பேராசிரியர் இருந்தார். 2025இல்தான் காலமானார். வாழ்நாளின் பெரும்பகுதியை வண்டி நிறுத்துவதைப் பற்றியே ஆராய்ந்து கழித்த மனிதர். பல நகரங்களின் கடைவீதிகளில் பலர் நடத்திய ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து, இடம் தேடிச் சுற்றும் வண்டிகள் சராசரியாகப் போக்குவரத்தில் 30 சதவீதம், தேடுவதற்கு ஆகும் நேரம் எட்டு நிமிடம் என்று எழுதினார். எட்டு நிமிடமாம்! பாவம், அவர் ஆடித் தள்ளுபடிக்கு வந்ததில்லை.

அதே மனிதர் 2005இல் 'தி ஹை காஸ்ட் ஆஃப் ஃப்ரீ பார்க்கிங்' என்று தலையணை கனத்தில் ஒரு புத்தகம் போட்டார். இலவச நிறுத்தம் என்று உலகத்தில் எதுவும் கிடையாது, அந்தச் செலவு கடை வாடகையில் ஏறி, வாடகை சரக்கின் விலையில் ஏறி, கடைசியில் காரே இல்லாதவர் தலையிலும் விடிகிறது என்பது அவர் வாதம். அதாவது 12பி பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வந்து துண்டு வாங்குகிறவரும் என் ஆல்டோவுக்காக ஏதோ சில்லறை கொடுத்துவிட்டுத்தான் போகிறார். அவருக்கும் இந்தக் கடிதத்தின் வாயிலாக என் நன்றி.

நாலாவது சுற்றில் எனக்கு இடம் கிடைத்தது. ஒரு விசில் கூப்பிட்டது. "வா... வா... ரைட்ல ஒடி... இன்னும் ஒடி... அப்படியே வா... ஸ்டாப்!" என்று என் டிக்கியில் ஒரு தட்டு. "ஹேண்ட் பிரேக் போடாதீங்க சார், நியூட்ரல்ல விட்டுடுங்க. பின்னாடி வண்டி வந்தா தள்ளிக்கறேன்." ஐம்பது ரூபாயை நீட்டினேன். ரசீது கேட்டேன். "அதெல்லாம் எதுக்கு சார்? நான் பாத்துக்கறேன்" என்றார். அவர் எந்த அலுவலகத்தின் ஆள், எந்த ஒப்பந்தத்தின் கீழ் விசில் ஊதுகிறார் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள அவரும் என்னை வற்புறுத்தவில்லை.

ஸ்மார்ட் பார்க்கிங் என்று தொடங்கியபோது மாநகராட்சி வைத்த பொதுக் கட்டணம் காருக்கு மணிக்கு 20 ரூபாய், இருசக்கர வண்டிக்கு 5 ரூபாய். ஒரு கார் நிற்க ஐந்து மீட்டர் நீளமும் இரண்டரை மீட்டர் அகலமும் வேண்டும். பெருக்கினால் பன்னிரண்டரை சதுர மீட்டர், நம் கணக்கில் 134 சதுர அடி. கிரவுண்டு பல கோடிக்குப் போகும் தி.நகரில், நல்ல ஓட்டலில் ஒரு ஃபில்டர் காபிகூட வாங்க முடியாத காசுக்கு ஒரு மணி நேரம் 134 சதுர அடி! பரம்பரை பரம்பரையாக அங்கேயே குடியிருந்து, வாடகை கட்ட முடியாமல் மாங்காட்டுக்குப் போனவர்கள் எனக்குத் தெரிந்தே நாலு பேர். அவர்கள் செய்த ஒரே தவறு, மனிதர்களாகக் குடியிருந்தது.

அந்த 20 ரூபாயும் அதிகம் என்பது என் மச்சான் கட்சி. வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர், கணக்கில் புலி. 2022இல் உயர்த்தியபடி நோ பார்க்கிங்கில் நின்றால் முதல் தடவை 500 ரூபாய், அடுத்த தடவை 1,500. "ஐந்நூறை இருபதால வகு. இருபத்தஞ்சு மணி நேரம். அதுக்குள்ள ஒரு தடவை பிடிச்சாத்தான் அவனுக்கு லாபம். என்னை வருஷத்துக்கு ஒரு தடவை பிடிக்கறதே அபூர்வம்" என்கிறார். ஃபிக்சட் டெபாசிட்டில்கூட இவ்வளவு ஆதாயம் இல்லையாம். சட்டத்தை மீறுவதைச் சிக்கனத்தின் ஒரு கிளையாக வளர்த்துக் கொடுத்ததற்கு அவர் சார்பிலும் நன்றி.

இந்த இடத்தில் தணிகாசலம் சாலைக் கட்டடத்தைச் சொல்லாவிட்டால் நன்றி கொன்றவனாவேன். எங்களுக்காகவே சுமார் 40 கோடி ரூபாய் செலவில், 222 கார்களும் 500க்கு மேற்பட்ட இருசக்கர வண்டிகளும் நிற்கும்படி அடுக்குமாடி கட்டினீர்கள். இருசக்கர வண்டிகளின் பங்கைத் தாராளமாகக் கழித்துப் பார்த்தாலும், ஒரு கார் நிற்கும் இடத்துக்குப் பத்து லட்சத்துக்கு மேல் விழுகிறது. என் ஆல்டோவை விற்றால் ஒன்றரை லட்சம் தேறாது. அங்கே கொண்டுபோய் நிறுத்தினால், பணக்கார மாமா வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குப் போன ஏழை மருமகனைப் போல அது கூசிப்போகும். அதனால்தான் நான் போவதில்லை. அங்கிருந்து ஜவுளிக்கடைக்கு நடக்க வேண்டும் என்பதும் ஒரு காரணம். நடப்பதற்காகவா கார் வாங்கினேன்?

பாண்டி பஜார் நடைபாதைக் கடைக்காரர்களுக்கும் இப்படித்தான் ஓர் அடுக்குமாடி வளாகம் கட்டினீர்கள். ஆனால் இரண்டுக்கும் ஒரு சின்ன வித்தியாசம். கட்டடம் தயாரானதும் கடைக்காரர்களை உள்ளே போ என்றீர்கள், போனார்கள். எங்களையோ வருக வருக என்று அழைக்கிறீர்கள். நாங்கள் யோசிக்கிறோம்.

எங்கள்மேல் உங்களுக்குள்ள பிரியத்துக்கு இன்னொரு சாட்சி என் தெருவிலேயே இருக்கிறது. வேப்பமரத்தடியில் உறை போட்ட கார் ஒன்று ஆறு வருடமாக நிற்கிறது. நாலு டயரும் தரையோடு தரை. உறையின்மேல் காய்ந்த வேப்பம்பூ ஒரு விரற்கடைக்குப் படிந்திருக்கிறது. அடியில் ஒரு பூனை மூன்று பிரசவம் பார்த்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரரோ கேட்டின்மேல் பலகை மாட்டியிருக்கிறார்: 'இங்கு வண்டி நிறுத்தாதீர். மீறினால் காற்று பிடுங்கப்படும்.' பலகை அவர் கேட்டில், தடை உங்கள் சாலையில். பலகையைப் படிக்காதவர்களுக்காக இரண்டு மணல் மூட்டையும் ஒரு கால் உடைந்த நாற்காலியும் வைத்திருக்கிறார். இப்படி உங்கள் அதிகாரத்தைப் பாதி சுமந்துகொண்டு உழைக்கும் குடிமக்களுக்கு ஒரு படிகூட நீங்கள் கொடுப்பதில்லை.

2024 அக்டோபரில் பெருமழை வரும் என்று சொன்னதும் வேளச்சேரி மேம்பாலத்தின் ஓரம் முழுக்கக் கார்கள் வரிசையாக ஏறி நின்றனவே, நினைவிருக்கிறதா? அபராதம் போடுகிறார்கள் என்று வதந்தி வந்தது, காவல்துறையே இல்லை என்று மறுத்தது. ஏரியும் சதுப்பும் இருந்த இடத்தில் நாங்கள் வீடு கட்டுவோம், தண்ணீர் தன் பழைய வீட்டைத் தேடி வரும், கார் மேம்பாலத்துக்குப் போகும். தி.நகரே 1920களில் மாம்பலத்து நீண்ட ஏரியைத் தூர்த்து உண்டான ஊர்தானே? அன்று தண்ணீருக்கு இடம் இல்லை என்றோம், இன்று காருக்கு இடம் இல்லை என்கிறோம். காருக்கு மட்டும் உடனே ஏற்பாடாகிவிடுகிறது.

ஒரு பயம் மட்டும் உண்டு. 2006இல் மத்திய அரசு வெளியிட்ட தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கையை யாராவது தூசி தட்டிவிடப் போகிறார்கள். வண்டி நிற்கும் நிலத்தின் உண்மை மதிப்பைக் காட்டும்படி உயர்ந்த கட்டணம் வாங்க வேண்டும், அதனால் மக்கள் பொதுப் போக்குவரத்தை நாட வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது. சான் பிரான்சிஸ்கோவில் 2011இல், நிறைந்த தெருவில் கட்டணத்தைக் கூட்டி, காலியான தெருவில் குறைத்து, எப்போதும் ஓரிரு இடம் மிச்சமிருக்கும்படி செய்துபார்த்தார்கள். ஜப்பானில் 1962 முதல் சட்டமே இருக்கிறது. வண்டி நிறுத்தச் சொந்தத்திலோ வாடகையிலோ இடம் உண்டு என்று போலீஸ் நிலையத்தில் சான்று வாங்கினால்தான் கார். நான் கார் வாங்கிய அன்று விற்பனையாளர் எலுமிச்சம்பழம் வைத்தாரா என்று கேட்டார், மேட் வேண்டுமா என்று கேட்டார், எங்கே நிறுத்துவீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்த நாகரிகம் தொடர வேண்டும்.

இனி கோரிக்கை.

என் கார் நின்ற இடத்துக்கு அருகிலேயே நடைபாதை விளிம்பில் ஒரு பூக்காரம்மா உட்கார்ந்திருந்தார். கவிழ்த்துப் போட்ட பழப்பெட்டி, அதன்மேல் ஈரச்சாக்கு, சாக்கின்மேல் கூடை, கூடையில் மல்லிகைப் பந்து. கண்ணால் அளந்தேன். இரண்டடிக்கு மூன்றடி, ஆறு சதுர அடி. திடீரென்று ஒரு ஜீப் வந்து நின்றது. "ஏம்மா, எத்தனை தடவை சொல்றது? கூடையைத் தூக்கு! ஜனங்க நடக்க வேணாமா?" என்று அதட்டியது ஒரு குரல். அதே குரல் என்னைப் பார்த்ததும் இறங்கி, "சார், பின் வீல் கோட்டுக்கு வெளியே இருக்கு. முடிஞ்சா கொஞ்சம் முன்னாடி எடுங்க சார்" என்றது. முடிந்தால்! ஜனங்கள் என் காரைச் சுற்றிக்கொண்டு சாலையில் இறங்கி நடந்துகொண்டிருந்தார்கள்.

தெருவோர வியாபாரிகளைக் காப்பதற்கு 2014இல் நாடாளுமன்றமே சட்டம் இயற்றியிருக்கிறது. கட்டட விதியை மீறிய மாடிகளைக் காசு வாங்கிக்கொண்டு வரன்முறைப்படுத்த 1998இல் நம் சட்டமன்றம் 113-ஏ என்று ஒரு பிரிவையே சேர்த்துக் கொடுத்தது. மாடி மீறினால் சட்டம் குனிகிறது. கூடை மீறினால் கூடை பறக்கிறது. ஆகவே அந்தம்மாவுக்கு வியாபாரி என்ற தகுதி எந்த விதத்திலும் உதவாது என்ற முடிவுக்கு வந்தேன். அவரைக் காராகப் பதிவுசெய்து ஆர்.சி. புத்தகம் வழங்குவதுதான் ஒரே வழி.

நாலு சக்கரம் இல்லையே என்பீர்கள். பக்கத்தில் கொய்யாப்பழம் விற்கிற தள்ளுவண்டிக்கு நாலு சக்கரம் இருக்கிறது, அதையும் விரட்டத்தான் செய்தார்கள். இன்ஜின் ஓடாதே என்பீர்கள். வேப்பமரத்தடிக் காருக்கு மட்டும் ஓடுகிறதா? புகைச் சோதனைக்கு அவர் எப்போது வேண்டுமானாலும் வரத் தயார், ஊதுபத்திகூட விற்பதில்லை.

கட்டணம் கட்டுவாரா என்ற சந்தேகம் வரும். என் ஒரு காரின் இடத்தில் அவரைப்போல் இருபத்திரண்டு பேர் உட்காரலாம். இருபது ரூபாயை இருபத்திரண்டாகப் பங்கிட்டால் ஆளுக்கு மணிக்கு 91 காசு, பத்து மணி நேர வியாபாரத்துக்கு ஒன்பது ரூபாய். ஜீப் போன பிறகு, சிதறிய பூவைப் பொறுக்கிக்கொண்டிருந்தவரிடம் இந்தக் கணக்கைச் சொன்னேன். நிமிர்ந்து பார்த்தார்.

"ஒம்போது ரூபாயா? ஒரு நாளைக்கு யார் யாருக்கோ இதுக்கு மேல அழுதுட்டிருக்கேன். நாளைக்கே கட்டிடறேன் சார்" என்றவர், சற்று யோசித்துவிட்டுக் கேட்டார்: "ரசீது குடுப்பாங்களா? குடுத்தா லேமினேட் பண்ணிக் கூடையிலயே கட்டி வச்சுக்குவேன்."

எனக்குப் பதில் தெரியவில்லை. தங்களுக்குத் தெரியும் என்று நம்பி இம்மனுவைப் பணிவுடன் சமர்ப்பிக்கிறேன்.

இப்படிக்கு,
134 சதுர அடியின் தற்காலிக ஜமீன்தார்.

நாள்: ஞாயிறு, இரவு ஒன்பது மணி.
இடம்: கிடைக்கவில்லை.