அனலாக் பக்தர்

லேப்டாப்பில் நூறு ட்ராக் ஓட்டலாம். இரைச்சல் இல்லாமல் பதியலாம், பிசகினால் ஒரு பட்டனில் சரிசெய்யலாம். அனலாக் பக்தருக்கு இதெல்லாமே குறை. "டிஜிட்டல்ல உயிரே இல்ல சார்" என்பார். அந்த உயிருக்காக அவர் வீட்டுக்கு வந்து சேர்வது, மெல்லிசைக் குழு ஒன்று கழித்துவிட்ட 24 சேனல் மிக்ஸர். நாலு பேர் தூக்கிக்கொண்டு வர, படுக்கையறைக் கதவைக் கழற்றி வழிவிட வேண்டும். ஃபேடர் இடுக்கில் ஏழெட்டு ஊர்த் திருவிழா விபூதி தங்கியிருக்கும். அதைப் பிரஷ்ஷால் தட்டியபடியே சொல்வார்: "இந்த சவுண்ட் இப்ப வர்ற எதுலயும் வராது."

அந்த சவுண்டைக் காப்பாற்றுவதற்காக, மறுநாளே அதை மாற்றத் தொடங்குவார்.

முதல் பலி கெப்பாசிட்டர். எலெக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டருக்குள் இருக்கும் திரவம் ஆண்டுகள் போகப்போகக் காய்ந்துவிடும். பாஸ் மெலியும், ஹம் ஏறும். ஆகவே மாற்றுவது நியாயம்தான். சேனலுக்கு 20 என்றாலும் 480 ஆகிறது. "சர்வீஸ் சென்டர் வெச்சிருக்கீங்களா?" என்று மரியாதையாகக் கேட்பார் ரிச்சி தெருக் கடைக்காரர். நம்மவர் அதோடு விடுவதில்லை. 85 டிகிரி தாங்கியது இருந்த இடத்தில் 105 டிகிரி. 47 மைக்ரோஃபாரட் இருந்த இடத்தில் 100. நடுவில் ஒன்றைப் பிளஸ் மைனஸ் மாற்றிப் பற்றவைத்து, அது வெடித்து, அந்தத் தெருவுக்கே தீபாவளியை அறிவித்துவிடுவார்.

அடுத்தது ஐசி. டிஎல்072-ஐப் பிடுங்கிவிட்டு 5532. இரைச்சல் குறைவது மெய்தான். ஆனால் புதியது பழையதைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு கரண்ட் குடிக்கும். பவர் சப்ளை கொதிக்கும். அதற்குப் பெரிய டிரான்ஸ்ஃபார்மர், பெரிய ஹீட்சிங்க், ஒரு ஃபேன். ஃபேன் சத்தம் மைக்கில் விழும்; எனவே பவர் சப்ளை வராந்தாவுக்குக் குடிபெயரும். இதற்குள் வால்யூம் திருகுகள் கரகரவென்று கத்தத் தொடங்கியிருக்கும். 5532-இன் இன்புட்டிலிருந்து பொட்டென்ஷியோமீட்டர் வழியே கசியும் சிறு டிசி செய்யும் வேலை அது. இவரோ திருகுகளைச் சந்தேகித்து, 24 சேனலுக்கும் புதிது வாங்குவார். அதன் பிறகும் கரகரக்கும். மேலும் வேகமான ஐசி போட்டுப் பார்ப்பார். அது காதுக்கு எட்டாத மெகாஹெர்ட்ஸில் தனக்குத்தானே ஊளையிட்டுச் சூடேறும். ஒவ்வொரு ஐசியின் காலடியிலும் ஒரு குட்டிக் கெப்பாசிட்டர் வைத்து அதை அடக்கவேண்டும். ஆகவே, மீண்டும் ரிச்சி தெரு.

ஒரு நள்ளிரவில் வேலை முடியும். வீட்டில் ஃபேன், ஏசி, ஃபிரிட்ஜ் எல்லாம் அணையும். மனைவி எழுப்பப்படுவார்.

"ஏங்க, இதுல எப்பப் பாடறது?"

"பாட்டு கெடக்குது. மொதல்ல இதைக் கேளு." ஹெட்ஃபோன் மாட்டப்படும்.

"ஒண்ணுமே கேக்கலியே!"

"அதான்!"

மூன்று நாள் ஆனந்தம். நான்காம் நாள்தான் பாட்டு பதிவாகும். கேட்டதும் முகம் சுருங்கும். சுத்தமாக இருக்கிறது. துல்லியமாக இருக்கிறது. லேப்டாப்பில் பதிந்ததைப் போலவே இருக்கிறது.

வேறொருவராக இருந்தால் இங்கே ஞானம் பிறந்திருக்கும். இவருக்குப் பிறப்பது டிரான்ஸ்ஃபார்மர் ஆசை. 1970-இல் வந்த நீவ் 1073 ப்ரீஆம்ப்பின் குரலில் பாதி அதன் டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து வருவது என்பார். சவுண்ட் சிட்டி ஸ்டூடியோவின் நீவ் கன்ஸோலை ராக் இசைக்கலைஞர் டேவ் க்ரோல் விலைக்கு வாங்கி, அதைப் பற்றி 2013-இல் ஆவணப்படமே எடுத்ததைச் சொல்லுவார். அப்படியானால் நம் மிக்ஸருக்கும் சேனலுக்கொரு டிரான்ஸ்ஃபார்மர் வைத்தால்? கணக்குப் போட்டுப் பார்த்ததில், மிக்ஸரின் விலையைப் போலப் பல மடங்கு வந்து நிற்கும்.

கடைசியில் விற்பனைக்கு வரும். வாங்க வருகிறவர் இளைஞர். கண்ணில் அதே ஒளி. நம்மவர் இரண்டு மணி நேரம் தாம் மாற்றியதையெல்லாம் ஒன்றுவிடாமல் விளக்குவார். பையன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, பணத்தை எண்ணி வைத்துவிட்டுத் தயங்கித் தயங்கிக் கேட்பான்:

"அண்ணே, கழட்டின பழைய ஐசி எல்லாம் வெச்சிருக்கீங்களா? மறுபடி ஒரிஜினலா ஆக்கணும்."

எடுத்து வைத்திருப்பார். டப்பாவில், சேனல் வாரியாக. அதற்குத் தனி விலை.