மரக்காணத்தில் பனி பெய்யவில்லை

தமிழில் ஒரு வசதி உண்டு. மார்கழி விடியலில் புல் நுனியில் நிற்பதும் பனிதான், இமயமலையில் கொட்டிக் கிடப்பதும் பனிதான். இந்த ஒரு சொல்லை நம்பி இக்கட்டுரையாளர் ஒரு தை மாதத்து விடியற்காலையில், புதுக் கேமராவும் பழைய மஃப்ளருமாக, சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் சுமார் 120 கிலோமீட்டர் காரோட்டி மரக்காணம் வந்து இறங்கினார். பனிக்கால நிலக்காட்சி எடுப்பது எப்படி என்று ஒரு மாதமாக விழுந்து விழுந்து படித்திருந்தார். படித்ததெல்லாம் ஜப்பானின் ஹொக்கைடோ தீவையும் அமெரிக்க மலைகளையும் பற்றியது. வெள்ளை வெளேரென்று ஒரு பரப்பு, அதில் ஒற்றை மரம், மிச்சமெல்லாம் வெட்டவெளி. அப்படியொரு வெள்ளைக்குத் தமிழ்நாட்டில் உப்பளத்தை விட்டால் வேறு எங்கே போவது?

வந்து பார்த்தால் வெள்ளையைக் காணோம். பாத்தி பாத்தியாகத் தண்ணீர், இடையிடையே சேறு. தூரத்தில் பனையோலை போர்த்திய போன வருஷத்து உப்புக் குவியல்கள், யாரோ குடிசை போட்டு வைத்ததுபோல். மண்வெட்டியோடு வரப்பில் வந்த ஒருவர் கேமராப் பையையும் மஃப்ளரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இன்னா சார், தையில வந்து உப்பு தேடுறீங்க? சித்திரையில வாங்க.”

அவர் சொன்னது முழுக்க நியாயம். உப்பு வெயிலில் விளையும் சரக்கு. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை உப்பளத்தைக் குளமாக்கிவிடும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது இங்கே வரப்பு எது, பாத்தி எது என்றே தெரியாமல் போயிற்று. தை பிறந்த பிறகுதான் தண்ணீரை வடித்து, வரப்பைக் கட்டி, தரையைக் காலால் மிதித்து இறுக்குவார்கள். அப்புறம் உப்புநீர் பாத்திக்குப் பாத்தி மாறி, வெயிலில் சுண்டி, அடர்த்தி போமே அளவில் 25 டிகிரியை நெருங்கும்போதுதான் உப்பு பூக்கும். பனிக்காலப் படம் வேண்டுமென்றால் கத்திரி வெயிலில் வரவேண்டிய ஊர் இது.

சரி, வந்தது வந்தாயிற்று என்று கேமராவை வெளியே எடுத்தார். ஒன்றும் தெரியவில்லை. பனிமூட்டம் என்று பரவசப்பட்டு ஏழெட்டுப் படம் எடுத்த பிறகுதான், மூட்டம் லென்ஸின் மேல் என்று புரிந்தது. பனிநாட்டுக்காரர்களுக்கு இந்தத் தொல்லை வெளியிலிருந்து வீட்டுக்குள் நுழையும்போது வரும். நமக்குத் தலைகீழ். கழுத்தில் மஃப்ளர் சுற்றிக்கொண்டு வழியெல்லாம் ஏ.சி. போட்டு வருகிற ஆளின் குளிர்ந்த லென்ஸில், கடற்கரை ஈரக்காற்று பட்ட மாத்திரத்தில் முத்து முத்தாக வியர்த்துவிடும். பைக்குள்ளேயே வைத்துக் கொஞ்ச நேரம் வெளிச்சூட்டுக்குப் பழக்கியிருக்க வேண்டும். அவர் வேட்டி நுனியால் துடைத்துக்கொண்டிருந்தார். துடைக்கத் துடைக்க வியர்த்தது.

இதற்கிடையே சூரியன் வேறு எங்கிருந்தோ வந்துவிட்டது. கிழக்கு என்று பள்ளியில் காட்டிய திசையில் அவர் ட்ரைபாடை நட்டிருந்தார். பனிக்காலத்தில் சூரியன் அங்கே உதிப்பதில்லை. டிசம்பர் கடைசியில் நேர்கிழக்கிலிருந்து சுமார் 24 பாகை தெற்கே தள்ளித்தான் எழும். ஹொக்கைடோவில் அந்த மாதத்து உச்சிவேளையிலேயே சூரியன் சுமார் 23 பாகைக்கு மேல் ஏறாது, நாள் முழுக்க நீண்ட நிழல். இங்கேயோ உச்சியில் 54 பாகை. தாழ்ந்த பொன்வெயில் அரை மணி நேரத்தில் தீர்ந்துவிடும். அதில் இருபது நிமிடம் லென்ஸ் துடைப்பதில் போயிற்று.

மீதிப் பத்து நிமிடத்தில் எடுத்த நாற்பது படங்களிலும் அடிவானம் சரியாக நடுவில் இருந்தது. மேல்பாதி வானம், கீழ்ப்பாதி தண்ணீர், பாகப்பிரிவினைப் பத்திரம்போல. அடிவானத்தை மூன்றில் ஒரு பங்கில் வை என்கிற விதிக்கு வயது இருநூறுக்கு மேல். ஜான் தாமஸ் ஸ்மித் என்ற ஆங்கிலேயச் செதுக்கோவியர் 1797-இல் எழுதி வைத்தது. ஆனால் புகைப்படக் கலைஞர் ஹிரோஷி சுகிமோட்டோ 1980 முதல் உலகத்துக் கடல்களையெல்லாம் நட்டநடுவே கோடு கிழித்துத்தான் எடுத்துவருகிறார். அவர் படத்தில் கடலையும் காற்றையும் தவிர ஒன்றும் கிடையாது, அதனால் பாதிப் பாதி எடுபடுகிறது. நம்மவர் படத்தில் ஒரு மின்கம்பம், ஒரு செல்போன் டவர், கைவிட்ட ஒரு பிளாஸ்டிக் குடம், அவருடைய கார்.

குற்றம் அடிவானத்திலும் இல்லை. உப்பளம் தட்டையான பூமி. நின்ற உயரத்திலிருந்து பார்த்தால் இத்தனை அழகான பாத்திகளும் நசுங்கி வெறும் பட்டைக் கோடுகளாகிவிடும். மேட்டுக் கரையில் ஏறினால் கட்டம் கட்டமாக விரியும். குந்தி, கேமராவைத் தண்ணீருக்கு ஒரு சாண் மேலே பிடித்தால் வானம் பாத்திக்குள் இறங்கும். வரப்பைப் படத்தின் மூலையிலிருந்து புறப்பட வைத்தால் கண் அதன்மேல் தானாக நடந்து போகும். மூட்டுவலிக்காரர் குந்தினார். எழுந்திருக்கத்தான் ட்ரைபாட் உதவியது.

ஓலை சரிந்த ஒரு குவியலில் கொஞ்சம் நிஜ உப்பு தெரிந்தது. ஆவலோடு எடுத்தால் துவைக்காத வேட்டி நிறத்தில் வந்தது. கேமராவின் வெளிச்சமானி எதைக் கண்டாலும் நடுத்தரச் சாம்பல் என்றே கணக்குப் போடும். பனியானாலும் உப்பானாலும் எக்ஸ்போஷரை ஒன்று, ஒன்றரை ஸ்டாப் கூட்டினால்தான் வெள்ளை வெள்ளையாக இருக்கும். பக்கத்தில் கழுவெளி, 2021-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட நீர்நிலை. அந்தப் பக்கமாகத் தெரிந்த பூநாரைகளையும் விடவில்லை. படத்தில் அவை சென்சாரில் ஒட்டிய தூசிபோல விழுந்தன.

புகைப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸின் கதை அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கலிபோர்னியாவின் லோன் பைன் ஊரில் ஒரு பனிக்கால விடியலை எடுக்க அவர் நாலு நாள் விடியுமுன் போய் நின்று ஏமாந்தார். ஐந்தாம் நாள் எடுத்தார். 1944-இல் எடுத்த அந்தப் படம் இன்றும் பேர்பெற்றது. மலைச்சரிவில் பள்ளிப் பிள்ளைகள் சுண்ணாம்பால் எழுதியிருந்த இரண்டு எழுத்துகளைப் பிரதியில் தெரியாதபடி அழித்தார். செல்போன் டவருக்கும் அது வழியாகலாம். ஆனால் முக்கியம் அந்தப் படத்திலிருந்த குதிரை. வெயில் விழுந்த புல்வெளியில் அது பின்புறத்தைக் காட்டிக்கொண்டு மேய்ந்தது. மனுஷன் காத்திருந்தார். கடைசிக் கணத்தில் குதிரை பக்கவாட்டில் திரும்பியது.

கட்டுரையாளரும் காத்திருக்கத் தீர்மானித்தார். மண்வெட்டிக்காரர் பின்னால் வந்து எட்டிப் பார்த்தார். குந்தியிருந்து எடுத்த படத்தைக் காட்டினார் இவர்: மூலையிலிருந்து வரப்பு, அதன் முடிவில் வானம்.

“கொஞ்சம் பெருசாக்குங்க, சார்.”

நாற்பது படங்களுக்கு ஒரு ரசிகர் கிடைத்துவிட்ட மகிழ்ச்சியில் பெரிதாக்கினார்.

“இன்னும். இந்த எடது பக்கம்.” அவர் விரல் கண்ணாடித் திரையைத் தொட்டது. “அடடா, வரப்பு ஒடஞ்சிருக்கு பாருங்க. தண்ணி போவுது.”

அடுத்த நொடி மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு அதே வரப்பில் ஓட்டமும் நடையுமாகப் போனார். படத்தின் இடப்பக்கம், மூன்றில் ஒரு பங்கில், ஸ்மித் சொன்ன அதே இடத்தில் நின்றார். கட்டுரையாளர் மூச்சைப் பிடித்துக்கொண்டு குந்தினார், பொத்தான்மேல் விரலை வைத்துக்கொண்டு. ஆடம்ஸின் குதிரை திரும்பியது. மண்வெட்டிக்காரர் திரும்பவில்லை. வெயில் உச்சிக்கு ஏறும்வரை, முதுகைக் காட்டிக் குனிந்தபடியே மண்ணை வெட்டிப் போட்டுக்கொண்டிருந்தார்.