விருதுநகர் வட்டாரத்து வீடுகளில் ஸ்ட்ரீமர் தேர்வு: பட்டாசு ஒலிவரம்பை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வின் எல்லை

வடக்கே விருதுநகர் எண்ணெய்ப் பரோட்டா, தெற்கே சாத்தூர்க் காராச்சேவு, மேற்கே ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா, நடுவில் சிவகாசி வெடிமருந்து. இவற்றுக்கு இடைப்பட்ட நிலமே இவ்வாய்வின் களம். கிழக்கெல்லையை அருப்புக்கோட்டை வரை நீட்டலாமா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. இக்களத்தில், ஹாலில் ஆம்ப்ளிஃபயரும் இரண்டு பெட்டி ஸ்பீக்கரும் வைத்துக்கொண்டு, செல்போனிலிருந்து புளூடூத்தில் பாட்டு அனுப்புவது தன் தகுதிக்குக் குறைவு என்று எண்ணத் தொடங்கிவிட்டவர் எவரோ, அவருடைய ஐயமே ஆய்வுப்பொருள்.

ஸ்ட்ரீமர் என்பது பாட்டை வைஃபை வழியாகத் தானே இணையத்திலிருந்து வாங்கி ஆம்ப்ளிஃபயருக்குக் கொடுக்கும் சிறிய பெட்டி. போன் வெறும் ரிமோட்டாக ஒதுங்கிவிடும். யாராவது கூப்பிட்டால் பாட்டு நிற்காது. மச்சான் அனுப்பும் காலை வணக்கம் பல்லவிக்கும் அனுபல்லவிக்கும் நடுவில் ‘டிங்’ என்று விழாது. இந்த ஒரு நன்மைக்காகவே வாங்கலாம். ஆனால் அப்படிச் சொல்லி முடித்துவிட்டால் ஆய்வுக்கு வேலையில்லை.

முன்னாய்வுகள்

இத்துறையின் முன்னோடிகள் டீக்கடைக்காரரும் ரேடியோ செட்காரரும். கடல் கடந்து மீடியம் வேவில் வந்த இலங்கை வானொலியைப் பிடித்து, ஊருக்கே கேட்கும்படி வைத்தவை டீக்கடைகள். பாட்டைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு கே. எஸ். ராஜாவிடமும் பி. எச். அப்துல் ஹமீதிடமும் இருந்தது. கேட்பவர் டீயை மட்டும் தேர்ந்தெடுத்தால் போதும். மாதச் சந்தா கிடையாது.

ரேடியோ செட்காரர் வேறு மரபைச் சேர்ந்தவர். கல்யாணம், காதுகுத்து, கோயில் கொடை எதுவானாலும் வேப்பமரத்து உச்சியில் குழாய் கட்டி, சீர்காழி கோவிந்தராஜன் பிள்ளையாரை அழைத்து முடித்த பிறகே மற்ற பாட்டுக்கு வருவார். கூம்பு வடிவக் குழாய்க்குக் காவல்துறை தடை சொன்ன பிறகு பெட்டிக்கு மாறினாலும் கொள்கையை மாற்றவில்லை. அப்படி ஒரு அண்ணாச்சியிடம் கள ஆய்வு மேற்கொள்ளப்பட்டது.

“அண்ணாச்சி, வீட்டுக்கு ஒரு ஸ்ட்ரீமர் வாங்கலாம்னு இருக்கேன். 24 பிட் எடுக்கவா, 16 போதுமா?”

“எத்தனை குழா தம்பி கட்டப்போற?”

“குழாய் இல்லைங்க, வீட்டு ஹாலுக்கு.”

“அப்ப எதுக்கு எங்கிட்ட கேக்க?”

இது முதன்மை ஆதாரமாகக் கொள்ளப்படுகிறது.

கருதுகோள்

ஒரு வீட்டுக்கு எத்தனை பிட் வேண்டும் என்பதை அந்த ஊரின் உச்ச ஒலியும் அந்த ஹாலின் நீச்ச ஒலியும் சேர்ந்தே முடிவு செய்யும்.

கணக்கு

உச்ச ஒலியைத் தேடி நாம் அலைய வேண்டியதில்லை. அரசே அதை எழுதி வைத்திருக்கிறது. 1999 அக்டோபரில் மத்திய அரசு வெளியிட்ட விதிப்படி, வெடிக்கிற இடத்திலிருந்து 4 மீட்டர் தூரத்தில் ஒரு வெடியின் சத்தம் 125 டெசிபலைத் தாண்டக் கூடாது. ஆகவே சட்டத்துக்கு உட்பட்ட சிவகாசித் தீபாவளியின் உச்சம் 125. இரவு பத்து மணிக்கு மேல், சன்னல் சாத்தி, மின்விசிறியையும் அணைத்த ஹாலில் எஞ்சும் ஒலி 30 டெசிபல் என்று கொள்க. இரண்டுக்கும் இடைவெளி 95.

டிஜிட்டல் ஒலியில், மிகச் சன்னமான சத்தத்துக்கும் மிக உரத்த சத்தத்துக்கும் உள்ள இடைவெளி ஒரு பிட்டுக்கு ஏறத்தாழ 6 டெசிபல். சிடியின் 16 பிட்டுக்கு 96. நமக்குத் தேவை 95. ஒரு டெசிபல் மிச்சம். அதைச் செய்கூலி, சேதாரத்தில் கழித்துக்கொள்ளலாம். சோனியும் பிலிப்ஸும் சிடியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது 1982-இல். வெடிச்சத்தத்துக்கு இந்தியா வரம்பு கட்டியது 17 ஆண்டு கழித்து. ஜப்பானியரும் டச்சுக்காரரும் சிவகாசியை மனத்தில் வைத்தே அந்தப் பதினாறை வகுத்தனர் என்பது இதனால் பெறப்படும்.

‘சரவெடிக்கு இது போதுமா?’ எனின், போதும், மிஞ்சும். சரத்தில் கோத்த வெடிகளின் எண்ணிக்கைக்கு மடக்கை கண்டு, ஐந்தால் பெருக்கி, வரும் தொகையை 125-இல் கழிக்கச் சொல்கிறது அதே விதி. ஆயிரம் வாலாவில் ஒவ்வொரு வெடிக்கும் 15 கழிந்து 110 ஆகிறது. பத்தாயிரம் வாலாவில் 20 கழிந்து 105. அதாவது ஆயிரம் வாலாவுக்கு 14 பிட், பத்தாயிரம் வாலாவுக்கு 13 பிட். வெடி கூடக்கூட பிட் குறைகிறது. மாவட்டத்துக்கே பெரும் சிக்கனமாக அமைந்திருக்க வேண்டிய இக்கண்டுபிடிப்பு, 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சரவெடிக்குத் தடை விதித்ததால் ஏட்டளவில் நின்றுவிட்டது.

24 பிட்தான் வேண்டும் என்பார் கூற்றையும் ஆராய்வோம். 24 பிட்டுக்கு 144 டெசிபல். ஹாலின் 30-ஐக் கூட்டினால் 174. இந்தப் பாட்டை முழுமையாகக் கேட்க விரும்புபவர் முதலில் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பான பெசோவிடம் உரிமம் பெற வேண்டும். இரவு 10 முதல் காலை 6 வரை கேட்கவே முடியாது. பச்சைப் பட்டாசுக்கு ஒட்டுவது போல இதற்கும் க்யூஆர் கோடு ஒட்ட வேண்டிவரும்.

இதுவரை ஸ்பீக்கரை யாரும் விசாரிக்கவில்லை. நடுத்தர ரகப் பெட்டி ஸ்பீக்கர் ஒன்று, ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தள்ளி 87 டெசிபல் தரும். நாம் உட்காரும் 4 மீட்டரில் அது 75 ஆகிவிடும் (சுவர் எதிரொலியைக் கணக்கில் சேர்க்கவில்லை). 125-ஐத் தொட இன்னும் 50 வேண்டும். ஒவ்வொரு பத்து டெசிபலுக்கும் வாட் பத்து மடங்காகும். ஆக, ஒரு லட்சுமி வெடி போடும் சத்தத்தை நம் ஹாலில் எழுப்ப ஒரு லட்சம் வாட் ஆம்ப்ளிஃபயர் தேவை. தெருமுனையில் நிற்கும் 100 கேவிஏ ட்ரான்ஸ்ஃபார்மர் முழுவதையும் ஒரே பாட்டுக்கு எழுதி வாங்கினாலும் போதாது. ஸ்பீக்கரோ அதற்கு வெகு முன்பே உண்மையாகவே வெடித்திருக்கும். குழாய்க்கு 108 டெசிபல் என்று வைத்துக் கணக்குப் போட்டால் 800 வாட்டில் காரியம் முடிகிறது. “எத்தனை குழா?” என்ற அண்ணாச்சியின் கேள்வி, இத்துறையில் இதுவரை கேட்கப்பட்டவற்றுள் முறையான ஒரே கேள்வி என்பது இங்கே நிறுவப்படுகிறது.

இனி உள்ளதைக் கொண்டு பார்ப்போம். வீட்டில் இருப்பது 50 வாட் ஆம்ப்ளிஃபயர். அதை முழுக்கத் திருகினாலும் 4 மீட்டரில் கிடைப்பது 92. தலைக்கு மேல் மின்விசிறி மூன்றாம் எண்ணில் ஓடுகிறது. அதன் இரைச்சல் 45. இடைவெளி 47. எட்டு பிட் போதும்.

எட்டு பிட்! இந்த முடிவு ஆய்வாளருக்கே அதிர்ச்சியாக இருந்தது. மின்விசிறியை அணைத்தால் 15 டெசிபல், அதாவது இரண்டரை பிட், காசு செலவில்லாமல் கூடும். உலகில் எந்த ஸ்ட்ரீமரும் தராத முன்னேற்றம் இது. ஆனால் சித்திரை மாதத்து விருதுநகரில் மின்விசிறியை அணைத்தால் பிட் இருக்கும், கேட்க ஆள் இருக்காது. ஸ்ட்ரீமருக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பகுதியைச் சத்தம் குறைந்த பிஎல்டிசி மின்விசிறிக்குத் திருப்பலாம் என்பதே இந்தக் கணக்கின் நேர்மையான விடை.

சோதனை

பிட் முடிந்தது; இனி கிலோஹெர்ட்ஸ். 192 கிலோஹெர்ட்ஸ் கோப்பு 96 கிலோஹெர்ட்ஸ் வரையிலான ஒலியைத் தாங்க வல்லது. மனிதக் காது 20-ஓடு நின்றுவிடும், நடு வயதில் அதுவும் இல்லை. நாய்க்கு 45 வரை கேட்கும். எனவே உயர்தரக் கோப்பின் பயனாளி வீட்டு நாய்தான். இங்கே ஒரு வட்டாரச் சிக்கல் எழுகிறது. நம் களத்தை ஒட்டிய இராஜபாளையம் நாய்களில், அந்தத் தூய வெள்ளை நிறத்தோடு பிறவிச் செவிடும் சேர்ந்து வருவது அறியப்பட்ட குறை. எச்எம்வி இசைத்தட்டில் குழாய் முன்னால் உட்கார்ந்திருக்கும் நாய் மட்டும் நம்மூர் நாயாக இருந்திருந்தால், அந்த நிறுவனத்தின் வரலாறே வேறாகியிருக்கும்.

மனிதரை வைத்து நடந்த சோதனையும் உண்டு. 2007-இல் பிராட் மேயர், டேவிட் மோரான் என்ற இரு அமெரிக்கர்கள், உயர்தரப் பதிவை அப்படியே ஒருமுறையும் சிடி தரத்துக்கு இறக்கி ஒருமுறையும் போட்டுக் காட்டி, எது எது என்று கேட்டார்கள். 554 முறை கேட்டதில் 276 முறை சரியான விடை வந்தது. காசைச் சுண்டி ‘பூவா தலையா’ கேட்டிருந்தாலும் ஏறக்குறைய அதுதான் வந்திருக்கும்.

தீயும் சிப்பும்

ஸ்ட்ரீமர் விளம்பரங்களில் டிஏசி என்றொரு சிப்பின் பெயர் பெரிய எழுத்தில் இருக்கும். எண்களை ஒலியாக்குவது அதன் வேலை. 2020 அக்டோபரில் ஜப்பானின் நொபெயோக்காவில் ஏகேஎம் நிறுவனத்தின் சிப் தொழிற்சாலை தீப்பிடித்து நாள்கணக்கில் எரிந்தது. உலகெங்கும் டிஏசி தட்டுப்பாடு. ஏகேஎம் சிப்பின் குளுமையைப் பாடிக்கொண்டிருந்த பல நிறுவனங்கள் போட்டியாளரான ஈஎஸ்எஸ் சிப்புக்கு மாறின. அடுத்த விளம்பரத்தில் அதன் தெளிவைப் பாடின. தொழிற்சாலைத் தீ என்பது நம் பக்கத்தில் சிரித்துப் பேசும் சங்கதி அல்ல. ஆகவே சிப்போடு நிறுத்திக்கொள்கிறேன். நினைவில் வைக்க வேண்டியது ஒன்றுதான்: உங்கள் ஆம்ப்ளிஃபயரிலேயே ஆப்டிகல் அல்லது கோஆக்சியல் உள்ளீடு இருந்தால், அதனுள் ஒரு டிஏசி ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. அந்த வழியாக இணைத்தால், ஸ்ட்ரீமருக்குள் இருக்கும் உயர்ந்த சிப்புக்கு வேலை கிடையாது; காசு மட்டும் போனது.

விலைப்பட்டியல்

சிவகாசி வாசகருக்கு இந்தப் பகுதியை விளக்க வேண்டியதில்லை. பட்டியலில் ஒரு விலை போட்டு, 80 சதவீதத் தள்ளுபடி என்று அடித்து, எந்த விலைக்கு விற்க நினைத்தார்களோ அதே விலைக்கு விற்கும் கலை நம்முடையது. அதே மருந்தும் அதே திரியும் வேறு லேபிளில் வேறு ஜாதி ஆகும் என்பதும், பெட்டிக்கு மேல் அச்சாகும் படத்துக்கு எத்தனை வண்ணம் என்பதில்தான் பாதி வியாபாரம் என்பதும், ஆஃப்செட் அச்சகத் தெருவில் வளர்ந்த பிள்ளைக்குத் தெரியும். ஸ்ட்ரீமர் உலகிலும் இதுவே நிலவரம். லிங்க்பிளே என்ற நிறுவனம் தன் மின்பலகையைப் பல பிராண்டுகளுக்கு விற்கிறது. ‘வீம்’ என்ற பெயரில் தானும் விற்கிறது. புளூசவுண்ட் நோட் போன்றவை பல மடங்கு விலை. கைவேலை தெரிந்தவர் ராஸ்பெரி பையில் வொலுமியோ ஏற்றிக்கொள்வார். மூன்றும் எண்களைச் சிதறாமல்தான் கொண்டுவருகின்றன. இணையத்தில் ஒரு தரவுப் பொட்டலம் தொலைந்தால், கருவி அதைத் திரும்பக் கேட்டு வாங்கிக்கொள்ளும். ‘இசைக்கென்றே செய்த’ நெட்வொர்க் கேபிளை விற்பவரைக் கண்டால், ஊருக்கு வந்த விருந்தாளி என்று ஒரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பலாம்.

கண்டறிந்தவை

பெட்டியைவிட அதன் ஆயுள் முக்கியம். கூகுளின் குரோம்காஸ்ட் ஆடியோ 2015-இல் வந்தது, 2019-இல் விற்பனை நின்றது. 2025 மார்ச்சில் உள்ளே இருந்த ஒரு டிஜிட்டல் சான்றிதழ் காலாவதியாகி, நன்றாக வேலைசெய்துகொண்டிருந்த கருவிகள் ஒரே நாளில் ஊமையாயின. பிறகு சரிசெய்தார்கள். லாஜிடெக் கைவிட்ட ஸ்குவீஸ்பாக்ஸை, அதன் மென்பொருள் திறந்த மூலமாக இருந்ததால், ரசிகர்களே இன்றுவரை ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஆகவே நிறுவனம் போன பிறகும் பாடுமா என்று கேளுங்கள்.

கச்சேரிப் பதிவுகளில் இராகம், தானம், பல்லவி மூன்றும் தனித்தனி டிராக்காக இருக்கும். நடுவில் அரை நொடி இடைவெளி விட்டால் வித்துவான் விக்கியது போலாகும். இடைவெளி இல்லாமல் தொடர்கிறதா என்று கேட்டுப் பார்க்காமல் வாங்கக் கூடாது. மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாளை நினைத்துக்கொண்டு, கடையிலேயே பிளக்கைப் பிடுங்கி மறுபடி செருகி, கருவி தானாக வைஃபையைப் பிடிக்கிறதா என்றும் பார்க்கலாம். தொடுதிரை உள்ளது வேண்டாம். பொரித்த பரோட்டா தின்ற கையோடு பாட்டு மாற்ற வேண்டிய ஊர் இது. திருகும் குமிழே மேல். வாங்கியதும் ஆப்பில், எல்லாப் பாட்டையும் ஒரே ஒலியளவுக்கு இழுக்கும் ‘வால்யூம் நார்மலைசேஷன்’ என்பதை அணைத்துவிடுங்கள்.

மேலாய்வுக்குரிய களம்

ஆய்வு நிறைவுற்றதும் அண்ணாச்சியையே புறத்தேர்வாளராக வீட்டுக்கு அழைத்தோம். எண்பதுகளில் வந்த இளையராஜா பாட்டு ஒன்று, 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ், இழப்பில்லாக் கோப்பு. மின்விசிறியையும் அணைத்தாயிற்று. அண்ணாச்சி துண்டால் கழுத்தைத் துடைத்தபடி முதல் இடையிசை வரை கேட்டார்.

“இது கேசட்ல இருந்து எடுத்தது தம்பி.”

“எப்படிச் சொல்றீங்க?”

“ரெக்கார்டிங் சென்டர்ல மெல்ட்ராக் கேசட்ல அடிச்சுக் குடுப்பாங்கள்ல, அதே சத்தம். ஹெட்டு சாஞ்சிருக்கு. அதான் பொம்பளக் குரல் இங்கிட்டு மங்குது. ஒரு ஸ்க்ரூ டிரைவர் இருந்தாக் கொண்டா.”

கொண்டுவந்து கொடுத்தோம். அவர் ஸ்ட்ரீமரைக் கையில் எடுத்து, அந்த ஸ்க்ரூ எங்கே இருக்கிறது என்று நான்கு பக்கமும் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.