ஸ்டேஷன் பிடிக்கிற அண்ணாச்சி

பாளையங்கோட்டையில் எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் இப்படி ஒரு அண்ணாச்சி அகப்படுவார். தபால் ஆபீஸிலோ மின்வாரியத்திலோ பள்ளிக்கூடத்திலோ இருந்து ஓய்வு பெற்றிருப்பார். முன்னறையில் ஒரு ஸ்டூல், ஸ்டூல்மேல் பழைய வால்வு ரேடியோ, அதன்மேல் வீட்டம்மாள் பின்னிப் போட்ட லேஸ் துணி, துணிமேல் டிரான்சிஸ்டர், டிரான்சிஸ்டருக்குச் சாய்மானமாகப் பேரன் வாங்கித் தந்த ப்ளூடூத் ஸ்பீக்கர். ஒன்று செத்துப்போனது. ஒன்று ரிப்பேரில் இருப்பது. மூன்றாவது ரிப்பேருக்கு நாள் பார்த்துக்கொண்டிருப்பது.

அவரைத் தெருவில் பாட்டுப் பைத்தியம் என்பார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. பாட்டுப் பைத்தியம் பிடித்தவர் பாட்டைக் கடைசிவரை கேட்பார். அண்ணாச்சி ஒரு சரணத்துக்கு மேல் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அவருக்கு வேண்டியது, பாட்டு வருவதற்கு முன்னால் படவேண்டிய பாடு.

அந்தப் பாடு இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாது. கேட்டாலும் கேட்காவிட்டாலும் அண்ணாச்சி சொல்லித் தருவார். வால்வு ரேடியோவைத் திருகியதும் அது பேசிவிடாது. உள்ளே வால்வு சூடேறி, கண்ணாடியில் மஞ்சள் வெளிச்சம் பரவி, சாவகாசமாகத்தான் தொண்டையைச் செருமும். அறையின் குறுக்கே இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை கம்பிவலை ஏரியல் தொங்கும். எர்த் கம்பி ஜன்னல் வழியாக இறங்கி முற்றத்து மண்ணில் புதைந்திருக்கும். கோடையில் மண் காய்ந்தால் அந்த இடத்தில் ஒரு செம்பு தண்ணீர் ஊற்ற வேண்டும். சின்ன வயதில் அது அண்ணாச்சியின் உத்தியோகம். “எங்க வீட்டுல துளசிக்கு ஊத்துனமோ இல்லியோ, எர்த்துக்கு ஊத்திருவோம்லா” என்பார்.

அதற்கப்புறம்தான் குமிழுக்கே வரலாம். சிற்றலையில் 25 மீட்டர், 31 மீட்டர், 41 மீட்டர் என்று முள்ளை நகர்த்திக்கொண்டு போக வேண்டும். ஒரு மயிரிழை தப்பினால் ஏதோ ஒரு தேசத்தின் செய்தி அறிக்கை வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடும். பெட்டியில் பச்சைக் கண் இருந்தால் கொஞ்சம் வசதி. ஸ்டேஷன் சரியாக விழும்போது நடுவிலுள்ள நிழல் ஒடுங்கிப் பச்சை வெளிச்சம் ஒன்றுசேரும். அது சேருகிற நேரம் பார்த்து அலை மங்கும். கொழும்பு ஸ்டேஷன் கடலுக்குள் முங்கிப்போகும். வீட்டில் யாரும் நடக்கக் கூடாது, இருமக் கூடாது. “இரு, இரு, வருது வருது” என்று அப்பா சொல்ல, எல்லோரும் நின்ற இடத்தில் நிற்பார்கள். ஆள் நடந்தால் அலைக்கு என்ன என்று யாரும் கேட்டதாகத் தகவல் இல்லை.

கொழும்பு என்றதும் அண்ணாச்சியின் முதுகு நிமிரும். இரண்டாம் உலகப் போரில் நேச நாட்டுப் படைகளுக்காக அங்கே நிறுவிய சக்திவாய்ந்த சிற்றலை ஒலிபரப்பி, போர் முடிந்ததும் இலங்கை வானொலியின் கைக்கு வந்தது. திருநெல்வேலிச் சீமைக்கு இலங்கை கூப்பிடு தூரம். அங்கே அறிவிப்பாளர்களாக இருந்த மயில்வாகனன், கே.எஸ்.ராஜா, அப்துல் ஹமீத் மூவரையும் பங்காளி முறை வைத்துத்தான் அண்ணாச்சி பேசுவார். “ராஜா மாதிரி ஒரு மனுசன் பேச முடியுமாவே? மூச்சை எங்கன விடுதாருன்னே தெரியாது.”

கொழும்பைப் புகழ்ந்து முடித்தால் அடுத்து பி.வி.கேஸ்கரைத் திட்ட வேண்டும். அது வரிசை, மாறாது. கேஸ்கர் 1952 முதல் 1962 வரை மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சர். சினிமாப் பாட்டு ஜனங்களின் ரசனையைக் கெடுக்கிறது என்று அகில இந்திய வானொலியில் அதை ஒடுக்கி, சாஸ்திரிய சங்கீதத்தை நிறைத்தார். ஜனங்கள் வாதாடவில்லை, முள்ளைத் திருப்பிக் கொழும்புக்குக் குடிபோய்விட்டார்கள். போனவர்களைத் திரும்ப அழைக்க 1957 அக்டோபர் 3ஆம் தேதி விவித பாரதியைத் தொடங்க வேண்டியதாயிற்று. இதை அண்ணாச்சி சொல்லக் கேட்டால், கேஸ்கர் வீடேறி வந்து குமிழைத் திருகி அணைத்துவிட்டுப் போனார் என்றே தோன்றும். கணக்குப் பார்த்தால், கேஸ்கர் பதவியேற்ற வருஷம் அண்ணாச்சிக்குப் பல் முளைத்திருந்தாலே அதிகம். அவருடைய அப்பா விட்டுப்போனது நாலு சென்ட் நிலமும் கேஸ்கர்மேல் கோபமும். நிலத்தை விற்றாயிற்று.

உண்மையில் கேஸ்கருக்கு அவர் மாலை போட வேண்டும். உள்ளூரிலேயே தடையில்லாமல் பாட்டு வந்திருந்தால் இவர் குடும்பத்தில் யார் எர்த்துக்குத் தண்ணீர் ஊற்றியிருப்பார்கள்?

ரேடியோ வைத்துக்கொள்ளத் தபால் ஆபீஸில் வருஷா வருஷம் லைசென்ஸ் கட்டிய வீடு அது. அந்தச் சிறு புத்தகம் இன்னும் பீரோவில் இருக்கிறது. அதனால் இசையைப் பற்றி அபிப்பிராயம் சொல்லத் தமக்கு அரசாங்க அனுமதி இருப்பதாக அவர் நினைப்பு. அபிப்பிராயத்திலும் ஒரு ஒழுங்கு உண்டு. 1976இல் ‘அன்னக்கிளி’யோடு இளையராஜா வந்தபோது, “விஸ்வநாதன் இருக்கும்போது இது யாருல புதுசா?” என்று கேட்டார். அப்போது அவருக்கு மீசை கறுப்பாக இருந்தது, மற்றபடி கிழவராகிவிட்டார். 1992இல் ‘ரோஜா’வோடு ரஹ்மான் வந்தார். “கம்ப்யூட்டர் சத்தம்லா இது, ராஜாவோட வயலின் கூட்டத்துக்கு முன்னால நிக்குமா?” என்று அன்றைக்கு இளையராஜா பக்தரானார். 2012இல் ‘3’ படத்தோடு அனிருத் வந்து சேர்ந்தார். அண்ணாச்சிக்கு ரஹ்மானின் நிதானம் விளங்க ஆரம்பித்தது. அனிருத் கவலைப்பட வேண்டாம். இன்னொரு பையன் வரட்டும்.

கேசட் காலம் அவருக்குப் பொற்காலம். ரூல் போட்ட தாளில் பாட்டுகளை நம்பரிட்டு எழுதி ரெக்கார்டிங் கடையில் கொடுப்பார். 90 நிமிஷ கேசட், பக்கத்துக்கு 45. கடைசிப் பாட்டு பாதியில் அறுந்தால் கடைக்காரரோடு சண்டை. அறாமல் முடிந்தால், மிச்சம் ஓடுகிற வெற்று நாடாவுக்காகச் சண்டை. நாடா சிக்கிக்கொண்டால் பென்சிலை ஓட்டைக்குள் விட்டுச் சுற்றி மீட்டெடுப்பார் பாருங்கள், பிரசவம் பார்க்கிற மருத்துவச்சிக்குக்கூட அந்தப் பொறுமை வராது.

சரி, இப்போதைக்கு வருவோம். அவருடைய ஃபோனில் மணியடித்தால் ஆகாசவாணியின் தொடக்க இசை. செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து பம்பாய் வந்து வானொலியில் வேலை பார்த்த வால்ட்டர் காஃப்மன் அமைத்தது, சிவரஞ்சனி ராகச் சாயல் என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுவார். சொல்லி முடிப்பதற்குள் மணி நின்றுவிடும். அவர் முழுசாகக் கேட்கிற ஒரே இசை இதுதான். அதற்காக ஃபோனை எடுப்பதில்லை. கூப்பிட்டவர்கள் கோபித்துக்கொண்டு வீட்டுக்கே வந்துவிடுகிறார்கள்.

எஃப்.எம். தொகுப்பாளர்கள்மேல் அவருக்கு இருப்பது நியாயமான கோபம், நானும் சேர்ந்துகொள்கிறேன். “முகப்பு இசையில பேசுதான், இடையிசையில பேசுதான். பாட்டுப் பாடுதவன் இவன்கிட்ட நேரம் கேட்டு வாங்கித்தான் பாடணும் போல.” ஆனாலும் எஃப்.எம். கேட்க ஆசை. ஃபோனில் எஃப்.எம். எடுக்க வேண்டுமானால் இயர்போன் வயரைச் செருகியாக வேண்டும், அந்த வயர்தான் ஏரியல். புது ஃபோன்கள் பலவற்றில் செருகுகிற துவாரமே கிடையாது. கடைக்குப் போனார்.

“தம்பி, ஓட்டை உள்ள ஃபோன் இருக்காடே?”

“சார், இதுல கேமரா அம்பது மெகாபிக்ஸல் சார்.”

“நான் படமா புடிக்கப் போறேன்? ஸ்டேஷன்லா புடிக்கணும்.”

“அதுக்கு ஆப் இருக்கு சார். உலகம் பூரா உள்ள ரேடியோ கேக்கலாம்.”

ஆப் வந்தது. அண்ணாச்சி ஃபோனையும் டிரான்சிஸ்டரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டிலும் ஒரே நிலையத்தை எடுத்தார். டிரான்சிஸ்டர் சொல்லி முடித்த செய்தியை ஃபோன் அப்புறமாக ஆற அமரச் சொல்லியது. இன்டர்நெட்டில் சத்தம் துண்டு துண்டாக வரும், கொஞ்சம் சேர்த்து வைத்துக்கொண்டுதான் போடும் என்று பேரன் விளக்கினான். அண்ணாச்சிக்கு முகம் வெளுத்துவிட்டது. வானொலியின் பீப் சத்தத்துக்குக் கடிகாரத்தைத் திருத்தி வளர்ந்த ஆள்.

“அப்போ இது சொல்லுத ஏழு மணி, ஏழு மணி இல்லியால?”

“கொஞ்சம் முன்னாடி ஏழு மணி, தாத்தா.”

அன்று சாயங்காலத்துக்குள் தெருவில் எல்லா வீட்டுக்கும் போய் எச்சரித்துவிட்டு வந்தார். ரொம்ப நாளைக்கு அப்புறம் அவர் அவ்வளவு தெம்பாக இருந்தது அன்றைக்குத்தான்.

ப்ளூடூத் ஸ்பீக்கருக்கு விசுவாசம் கிடையாது. எந்த ஃபோன் கடைசியாகக் கூப்பிடுகிறதோ அதுவே எஜமான். ஒரு வெள்ளிக்கிழமை காலை, சாம்பிராணிப் புகைக்கு நடுவே சீர்காழி கோவிந்தராஜன் உச்சஸ்தாயிக்கு ஏறிக்கொண்டிருக்கிறார். மாடியில் மகன் ஆபீஸ் மீட்டிங்கைத் திறந்தான். சாமி படங்களுக்கு மத்தியிலிருந்து ஒரு குரல்: “கேன் எவ்ரிபடி ஹியர் மீ?”

“எனக்குக் கேக்குது. முருகனுக்கும் கேக்குது” என்று அண்ணாச்சி கீழேயிருந்து பதில் சொன்னார்.

மருமகள் வாங்கி வைத்த பேசும் பெட்டியிடம் மட்டும் அவருக்கு ஒரு பரிவு. “மாமா, பேரைச் சொல்லிக் கூப்பிட்டாத்தான் அதுக்குக் கேக்கும்” என்று அவள் சொல்லியிருந்தாள். அண்ணாச்சிக்குக் கூச்சம். “யம்மா, பி.யு.சின்னப்பா பாட்டு ஒண்ணு போடும்மா” என்றார். பெட்டி பேசவில்லை. மரியாதை தெரிந்த பிள்ளை என்று எடுத்துக்கொண்டார். பேரன் வந்து பேரைச் சொல்லிக் கேட்டான். உடற்பயிற்சிக் கூடத்தில் போடுகிற தடதடப்பு ஒன்று கிளம்பியது. அதற்கும் அவர் கோபப்படவில்லை. “வயசுப்பிள்ளை. சின்னப்பாவ அதுக்கு எங்க தெரியப் போகுது?”

டி.வி. ரிமோட்டை அவர் உள்ளங்கையில் அடிப்பது, பாட்டரியைக் கட்டைவிரலால் உருட்டிவிடுவது, விளம்பரம் வந்ததும் வால்யூமைக் குறைக்கத் தேடும்போது அது சோபாவுக்குள் போயிருப்பது, இதெல்லாம் உங்கள் வீட்டிலும் நடப்பதுதான்.

கடைசியில் பேரன் தாத்தாவின் கஷ்டம் பொறுக்காமல் ஒரு காரியம் செய்தான். மாதச் சந்தா கட்டி, எந்தப் பாட்டையும் கேட்ட மாத்திரத்தில் பாடுகிற ஆப் ஒன்றை அவர் ஃபோனில் ஏற்றிக் கொடுத்தான். அவர் இளம் வயதிலிருந்து தேடிய பாட்டுகள்கூட இருந்தன. கரகரப்பு இல்லை, விளம்பரம் இல்லை, நடுவில் பேசுகிற ஆள் இல்லை. அண்ணாச்சி ஒன்றைத் தொட்டார், வந்தது. இன்னொன்றைத் தொட்டார், அதுவும் வந்தது. ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் திண்ணைக்கு வந்து உட்கார்ந்தார். அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. மனைவி, “என்ன, மேலுக்குச் சரியில்லியா?” என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

நல்லவேளை, வீட்டில் பல்புகளையெல்லாம் எல்.இ.டி.க்கு மாற்றினார்கள்.

மத்திய அலை வானொலிக்கு இராத்திரிதான் யோகம். பகலில் அலையை விழுங்குகிற வானத்து அடுக்கு ஒன்று இருட்டியதும் கலைந்துவிடும். அலை இன்னும் மேலே போய் மோதித் திரும்பித் தூரதேசத்து ஸ்டேஷனையும் கொண்டுவந்து இறக்கும். அதற்கு எமன் மலிவு விலை எல்.இ.டி. பல்பும் ஃபோன் சார்ஜரும். அவற்றின் உள்ளே மின்சாரத்தைப் படுவேகமாகத் துண்டித்துத் துண்டித்துக் கொடுக்கிற சர்க்யூட் இருக்கிறது. டிரான்சிஸ்டரில் அது “கொர்ர்” என்று கேட்கும். அண்ணாச்சி அந்தக் கொர்ரைக் கண்டுபிடித்த நாளிலிருந்து பத்து வயது குறைந்துவிட்டது. இராத்திரி எட்டரைக்கு டிரான்சிஸ்டரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அறை அறையாகக் கிளம்பிவிடுகிறார்.

“ஏளா, ஃபிரிட்ஜை அமத்து.”

“அமத்தியாச்சு.”

“இன்னும் கொர்ருங்கு. மாடிப்படி லைட்டு?”

“அதுவும் அமத்தியாச்சு. நான் இருட்டுலதான் தோசை சுடுதேன்.”

“மாமா, வைஃபையையும் அணைக்கணுமா? அவங்க மீட்டிங்ல இருக்காங்க.”

“அமெரிக்காக்காரன் காத்திருப்பான் தாயி. அலை காத்திருக்காது.”

வீடு முழுக்க இருண்ட பிறகும் கொர் நிற்கவில்லை. வாசலுக்கு வந்து, டிரான்சிஸ்டரை இப்படியும் அப்படியும் திருப்பித் திசை பார்த்து, பக்கத்து வீட்டுத் திண்ணையை நோக்கி நடந்தார். “வே, உம்ம வாசல் லைட்ட செத்த அமத்தும்.” அமர்த்தினார்கள். எதிர்வீட்டில் காதுகுத்துக்குக் கட்டிய சீரியல் செட் மினுக்கிக்கொண்டிருந்தது; அதுவும் போயிற்று. கோடி வீட்டுக்காரர், கரண்டு போய்விட்டது என்று நினைத்துத் தாமாகவே எழுந்துவந்து கதவைத் திறந்தார். யாரோ மின்வாரியத்துக்கு ஃபோன் போட்டுச் சண்டை பிடிக்கிற சத்தம் கேட்டது. அண்ணாச்சி தெருவின் நட்டநடுவில் நின்று முள்ளை மயிரிழை மயிரிழையாக நகர்த்தினார். நாங்கள் ஏழெட்டுப் பேர் சுற்றி நின்றோம். ஒருவர் இரும வாயெடுத்தார். “இரும், இரும், வருது வருது” என்று அவர் கையை உயர்த்தினார்.

வந்தது. துடைத்துவிட்ட மாதிரி சுத்தமாக ஒரு பெண் குரல், ஏதோ ஒரு பாட்டு.

“கேக்குதா? ஒரு பொட்டுக் கரகரப்பு இருக்காவே?”

“நல்லா கேக்குது அண்ணாச்சி. என்ன பாஷை இது?”

“அது எதுக்குவே?” என்று டக்கென்று அணைத்துவிட்டு, “ஏளா, தோசை ஆறிரும், வையி” என்றபடி உள்ளே போய்விட்டார்.